பெரிய வெள்ளிச் சீலையும் உன் கலியாணமும்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் வாய் இரண்டு தரம் ஒட்டியதுபோல் இருந்தபடியால் முதலில் அதைத்தான் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிற கடிதத்தை வழியில் யார் யார் பிரித்துப் படிக்கிறார்களோ, யாருக்குத் தெரியும். பிறகு கையெழுத்து உன்னுடையதுதானா என்று பார்த்தேன். பிறகுதான் படித்தேன். படித்து முடித்தபோது, உறையை மட்டும் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம் என்று தோன்றியது. உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்ததும் சூசைப்பிள்ளையின் மகள் றீற்றாவைக் கலியாணம் முடிக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். கோயிலில் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசிக்கும்போது, "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சுவாமியார் கேட்கிற இடத்தில் நான் எழும்பிவிடக் கூடாது என்றும் கேட்டிருந்தாய். என்னை உனக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. எழும்புவதாகத்தான் இருந்தேன். எந்த வாங்கில் இருந்து எழும்பினால் எல்லாருக்கும் தெரியும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இப்போது எழும்பப் போகிறேனா இல்லையா என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவாய் என்பது என் சந்தேகம். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆள்தான் நீ, புரட்டினாலும் விளங்காது. ஆகவே ஒழுங்காகப் படி. எங்கள் வீட்டுக்கும் சூசைப்பிள்ளை வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது பெரிய வெள்ளிக்கிழமைச் சீலையால்தான் என்று நீ அறிவாய். ஆனால் என் வாயிலிருந்து அந்தக் கதையைத் திட்டாகத்தான் கேட்டிருக்கிறாய், கதையாகக் கேட்டதில்லை.

கொழும்பில் நீ போகிற கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தமிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று போன வருடம் எழுதினாய். எங்கள் ஊருக்கு அது போதாது. எங்கள் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தால் இறக்கவும் வேண்டும், இறக்கினால் ஊரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும். ஆளுயர மரச் சொரூபம். தோள் மூட்டில் தோல் வைத்துக் கைகள் மடங்கும்படி செய்தது. பிற்பகலில் பாடுகளின் வாசகம் முடிந்ததும் இரண்டு ஏணி சாத்துவார்கள். ஏணிக்கு ஒருவராக ஏறி, நீளமான வெள்ளைச் சீலையைச் சொரூபத்தின் இரண்டு கமக்கட்டுக்குள்ளாலும் கொடுத்து, சிலுவையின் குறுக்கு மரத்துக்கு மேலால் எடுத்து, ஆளுக்கொரு தலைப்பைப் பிடிப்பார்கள். ஆணிகளைக் கழற்றியதும் இரண்டு கைகளும் தொங்கி விழும். அந்த நேரத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒப்பாரி எழும்பும். மெல்ல மெல்ல இறக்கி, ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தி, அதே சீலையால் மூடித் தெருத் தெருவாகக் கொண்டுபோவார்கள். வியாழக்கிழமையோடு கோயில் மணி வாயடைத்துவிடும். மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டுகிற சத்தம்தான் முன்னால் போகும். அன்றைக்கு வள்ளம் இறங்காது, ஆணி அறையக் கூடாது, தலை சீவக் கூடாது. ஒரு நேரக் கஞ்சி, கசப்புக்குப் பாவற்காய். பிறகு உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அந்தச் சீலையைக் கீலம் கீலமாகக் கிழித்து ஊருக்குக் கொடுப்பார்கள். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் ஒன்று கட்டுவோம். வருத்தக்காரருக்கு ஒன்று, பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறவளுக்கு ஒன்று.

அந்தச் சீலையைக் கொடுக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு இருந்தது. ஏணியும் ஆசந்தியும் சூசைப்பிள்ளை வீட்டுக்கு. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கோயிலும் இல்லை, சுவாமியாரும் இல்லை. கோவாவிலிருந்து வந்த குருமார் கூலிக்காரர் வேசத்தில் வீட்டுக்கு வீடு ஒளித்துத் திரிந்தார்கள். அப்போது இந்தச் சொரூபத்தை ஒரு வள்ளத்துக்குள் படுக்கவைத்து, பாய்ச்சீலையால் மூடிக் கடலிலேயே வைத்திருந்தார்களாம். பெரிய வெள்ளியன்று கொழும்புத்துறைக்கு அப்பால் கண்டல் மர மறைவில் வள்ளங்களை அணைத்து, பாய்மரத்தையே சிலுவையாக வைத்து ஏற்றி இறக்கினார்களாம். அந்தப் பாய் எங்கள் முன்னோருடையது, அதனால் சீலை எங்களுக்கு. வள்ளம் தங்கள் முன்னோருடையது என்று சூசைப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். வள்ளம் ஒருவருடையது, பாய் வேறொருவருடையது என்றால் யார் நம்புவது? பாய் இல்லாமல் ஒருவன் வள்ளம் வைத்திருப்பானா? இதைச் சிறுவயதிலேயே நான் கேட்டேன். இரண்டு வீட்டாரும் என்னை அடிக்க வந்தார்கள், பதில் சொல்லவில்லை.

நான் எதையும் இப்படித்தான் பார்ப்பேன், அது உனக்குத் தெரியும். ஆண்டவர் பிறந்த நத்தார் வருடா வருடம் ஒரே தேதியில் வந்து நிற்கும்போது பாஸ்கு மட்டும் ஏன் பங்குனிக்கும் சித்திரைக்கும் இடையில் ஓடித் திரிகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டவனும் நான்தான். யூதர்களின் பாஸ்கா முழுநிலாப் பறுவ நாளில் வந்தது, ஆண்டவர் பாடுபட்டது அந்த நாட்களில், அதனால் நாங்களும் பறுவம் பார்த்து, அதற்கு அடுத்த ஞாயிற்றைத்தான் எடுக்கிறோம் என்று சுவாமியார் விளக்கினார். கடலில் இறங்குகிறவனுக்குப் பறுவம் விளங்கும், ஆகையால் அதை மட்டும் ஒத்துக்கொண்டேன். வட்டுக்கோட்டையிலிருந்து சந்தைக்குப் புகையிலை கொண்டுவருகிற சைவக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப உங்கடை ஆண்டவரும் எங்களை மாதிரிப் பஞ்சாங்கம் பாக்கிறவர்தான், கீரிமலைத் தீர்த்தத்துக்கு வாருங்கோவன் ஒருக்கா," என்று என்னைப் பகிடி பண்ணுவார்.

பிறகு, உன் அம்மாவை நான் கைப்பிடித்த வருடம். அந்த வருடம் கொழும்பில் சிங்களம் மட்டும் என்று ஒரு சட்டம் போட்டு எங்கள் பாஷையைத் தள்ளிவைத்தார்கள். ரோமாபுரியிலும் ஒரு சட்டம் போட்டார்கள். இரண்டுக்கும் எங்களை யாரும் கேட்கவில்லை. அதுவரை எங்களுக்குப் பெரிய சனி காலையிலேயே ஆண்டவர் உயிர்த்துவிடுவார். பீடத்தை மூடிய திரை விழும், மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், வெடி கொளுத்துவோம், மத்தியானத்தோடு தபசு காலம் முடியும், ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு மீன் பிடிக்க வள்ளம் இறக்குவோம். புதுச் சட்டம் வந்து எல்லாவற்றையும் இரவுக்கு மாற்றியது. பெரிய வெள்ளி வழிபாடும் காலையிலிருந்து பிற்பகலுக்குப் போனது. ஆண்டவரையே நேரம் மாற்றி எழுப்புகிறவர்கள் இனி எதைத்தான் விட்டுவைப்பார்கள் என்று நான் சொல்லித் திரிந்தேன். பத்து வருடம் கழித்து லத்தீன் பூசையும் தமிழுக்கு வந்தபோது, இத்தனை காலம் விளங்காமல் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அதிலும் சந்தேகப்பட்டேன்.

நடந்தது இந்த மாற்றங்களுக்கு இடைப்பட்ட ஒரு வருடத்தில். நீ தவழ்ந்து எழும்பிப் பிடித்து நடக்கிற வயது. சீலைக்கு ஒரு முறை இருக்கிறது. புதுச் சீலையை வீட்டில் கழுவி, வெயிலில் போட்டு, மடித்து, நாடாவால் கட்டிவிட்டால், பிறகு பெரிய வெள்ளியன்று ஏணியில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இடையில் பிரிப்பது பெரிய பிழை. அந்தப் பெரிய வியாழன் உனக்குக் காய்ச்சல். அம்மா சீலையை மடித்து மேசையில் வைத்திருந்தாள். நான் வலைகளை இழுத்து வைத்துவிட்டு வந்து, மாலையில் சீலையைக் கொண்டுபோய்ப் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் வைத்தேன். அந்த வருடம் கோயில் பொறுப்புப் பார்த்த மூப்பர் சூசைப்பிள்ளை. அறைப் பூட்டின் திறப்பு அவர் இடுப்பில். வெள்ளிக்கிழமை வலது ஏணியில் நான், இடது ஏணியில் அவர். ஆணி கழற்றியாயிற்று. ஒரு முழம் இறக்கியிருப்போம், என் கைப்பக்கத்தில் சர்ரென்று ஒரு சத்தம். சீலை ஓரத்திலிருந்து குறுக்கே கிழிந்துகொண்டு போனது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் சொரூபம் நழுவிக் கீழே நின்றவர்களின் கைகளில் விழுந்தது. இடது கை மட்டும் ஏணிப்படியில் அடிபட்டு விரல்கள் உடைந்து தெறித்தன. அதுவரை முறைக்கு அழுதுகொண்டிருந்த பெண்கள் உண்மையாகவே அழத் தொடங்கினார்கள்.

வேறொரு சீலையால் மூடி ஆசந்தி போன பிறகு, கிழிந்த சீலையை எடுத்துப் பார்த்தேன். கிழிசல் நார் நாராக இருந்தது. ஆனால் அது தொடங்கிய இடம் நேராக, சுத்தமாக இருந்தது. கத்தரிக்கோல் பட்ட இடம். ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று காணவில்லை. திறப்பு யாரிடம் இருந்தது? இறக்கும்போது எங்கள் வீட்டுச் சீலை கிழிந்தால் யாருடைய முகம் மலரும்? பெரிய வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல் கோயில் வளவில் வைத்துச் சூசைப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தேன். வாயில் வந்த எல்லாம் சொன்னேன். அவர் "நான் வெட்டேல்லை அண்ணை," என்று ஒரே தரம் சொன்னார், பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். செய்யாதவன் துள்ளியிருப்பான், திருப்பி அடித்திருப்பான். அவருடைய அமைதிதான் எனக்குச் சாட்சியாகிப் போனது. ஞாயிற்றுக்கிழமை கிழித்துக் கொடுக்கச் சீலை இல்லை. சுவாமியார் அதை வாங்கிப் பூட்டிவிட்டு, அடுத்த வருடத்திலிருந்து சீலையும் சூசைப்பிள்ளை வீட்டிலிருந்தே வரட்டும் என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

அந்த இரண்டு விரல் அகலத் துண்டு எங்கே போனது என்பதுதான் பிறகு என் கவலை. எனக்குச் சூனியம் வைக்க எடுத்தார்கள் என்று நினைத்தேன். வள்ளத்தின் அடிப்பலகைக்குக் கீழே கை விட்டுத் தேடினேன். வாசற்படியைக் கிளறினேன். கடலில் கட்டிய களங்கட்டி வலையில் மீன் குறைந்தால் துண்டுதான் காரணம். எனக்கு முதுகு பிடித்தாலும் துண்டுதான். அவர்கள் வேலியோரமாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் மெதுவாகப் போய் உள்ளே பார்ப்பேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கோயிலின் பின்வரிசையில் நின்று, அவர்கள் சீலை கிழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிழியவில்லை. ஆண்டவர் இறங்குவதைப் பார்க்காமல் சீலையைப் பார்த்த ஆள் அந்தக் கோயிலில் நான் ஒருவன்தான்.

உன்னையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கொழும்புக்கு வேலைக்குப் போவதற்கு முந்திய பாஸ்கு இரவு. பெரிய மெழுகுதிரியிலிருந்து ஒருவர் திரியை மற்றவர் கொளுத்திக்கொண்டு வருகிற நேரம். உனக்குப் பக்கத்தில் நின்ற உன் சித்தப்பாவின் திரி எரிந்துகொண்டிருந்தது. நீ அதில் கொளுத்தவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து நடைபாதையைக் கடந்து போய், றீற்றாவின் திரியில் கொளுத்திக்கொண்டு வந்தாய். அவள் சிரிக்கவில்லை, திரியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தாள். சிரித்திருந்தால்கூட விட்டிருப்பேன், சரித்துப் பிடித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நெருப்பு எங்கை கிடந்தாலும் நெருப்புத்தானே," என்றாள் அவள். அவளும் இதில் சேர்த்தி என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் பின்னேரம் சூசைப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. படலையில் நின்று கூப்பிட்டார். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதிரையைக் காலால் தள்ளிவிட்டேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அவர் கலியாணத்தைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

"அண்ணை, இந்தமுறை பெரிய வெள்ளிச் சீலை உங்கடை வீட்டாலை வரட்டும். சுவாமியிட்டையும் சொல்லிப் போட்டன்," என்றார்.

"ஏன்? திருப்பிக் கிழிஞ்சால் ஊர் சிரிக்கட்டும் எண்டோ?"

"கிழிஞ்சால் ரெண்டு பேரும் சேந்து பிடிப்பம்."

"அப்ப ஒண்டு சொல்லு. அண்டைக்குச் சீலையை வெட்டினது ஆர்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார். எடுக்கும்போது அவர் கண் ஒரு தரம் குசினி வாசலுக்குப் போய்த் திரும்பியது. "அதை ஆண்டவரே மறந்திருப்பார் அண்ணை, விடுங்கோ," என்றார். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். வேறு யாரும் அந்தப் பார்வையைக் கண்டிருக்க மாட்டார்கள். நான் கண்டேன். வாழ்நாள் முழுவதும் ஆட்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. அந்தப் பலன் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

"இஞ்சை வா," என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "அவன் ஏன் உன்ரை பக்கம் பாத்தவன்?"

அவள் அறைக்குள் போனாள். றங்குப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. நீ சின்ன வயதில் கழுத்தில் போட்டிருந்த உத்தரியத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பெடியள் பகிடி பண்ணுகிறார்கள் என்று பள்ளிக்கூடக் காலத்தில் நீ கழற்றி எறிந்தாயே, அதே உத்தரியம். சின்னத் துணிப்பை, ஓரமெல்லாம் தைத்தது. கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள். உள்ளேயிருந்து இரண்டு விரல் அகலத்தில் வெள்ளைச் சீலைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். மஞ்சள் பற்றிப் போயிருந்தது.

"இந்தாருங்கோ. இத்தினை வருசமாத் தேடினியளே," என்றாள்.

அவளே சொன்னாள்: "அண்டைக்குப் பெரிய வியாழன். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திட்டுது. நீங்கள் வலை இழுக்கப் போட்டியள். ஞாயிற்றுக்கிழமை கீலம் குடுக்குமட்டும் பிள்ளை இருக்குமெண்டு நான் நம்பேல்லை. சீலை மேசையிலை கிடந்தது. நாளைக்கு ஆண்டவர் படுக்கப்போற சீலைதானே, அது இண்டைக்கே அவருக்குத் தெரியாதோ எண்டு நினைச்சன். நாடாவை அவிட்டு, ஓரத்திலை ஒரு துண்டு வெட்டி, உதுக்குள்ளை வைச்சுத் தைச்சன். திருப்பி மடிச்சுக் கட்டிப் போட்டன். அந்த வெட்டிலையிருந்து கிழியுமெண்டு எனக்கு எங்கை தெரியும்?"

"ஏன் சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது? வீட்டை வந்து நிண்டு, 'ஆர் வெட்டினதெண்டு எனக்குத் தெரியும்' எண்டு கத்தினியள். நீங்கள் கேட்டால்தானே நான் சொல்லலாம்? நீங்கள் கேக்கேல்லை. தெரியுமெண்டுதான் சொன்னியள்."

"பிறகு? இத்தினை வருசத்திலை ஒரு நாள்?"

"பிறகு சொன்னால் ஊர் என்ன சொல்லும்? இந்தப் பிள்ளை பிழைக்கத்தான் ஆண்டவர் விழுந்தவர் எண்டு சொல்லும். அவன் நடந்து போற தெருவெல்லாம் சொல்லும். என்ரை பிள்ளைக்கு அந்தப் பேர் வேண்டாம்."

பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் சுவாமிமார் வேறென்ன சொல்கிறார்கள்? நாங்கள் பிழைக்க அவர் விழுந்தார் என்றுதானே? அதை வருடா வருடம் கேட்டு மார்பில் அடித்து அழுகிற அதே ஊர், ஒரு பிள்ளையைக் காட்டிச் சொன்னால் அந்தப் பிள்ளையை வாழ விடாது. அவள் சொன்னது சரி. அந்தத் துண்டைத் தேடி அடுத்தவன் வேலியை நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம், அது உன் கழுத்தில் கிடந்து என் மடியிலேயே ஏறி விளையாடியிருக்கிறது.

"சூசைக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"பெரிய சனி காலமை அவற்றை மனிசியிட்டைப் போய் அழுதனான். அவரும் பக்கத்திலை நிண்டவர். 'பிள்ளை முதல் எழும்பட்டும். அண்ணை ஏசினால் நான் கரைஞ்சு போகமாட்டன். அவருக்குச் சொல்ல வேண்டாம், அவர் தாங்கமாட்டார்' எண்டவர். அடுத்த நாள் காலமை பிள்ளை கண் முழிச்சுப் பால் கேட்டவன்."

அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மகனே, வேறு ஒன்றுமில்லை. ஒரு முழு வீடும், என் வீட்டில் பாதியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறது என்ற கோபம். நான் தாங்கமாட்டேன் என்று தீர்மானிக்க அவர் யார்? அம்மாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது வெட்கம் வந்தது. அது வந்த பிறகு போகவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகித்திருக்கிறேன். என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவளை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது அவள்மீது வைத்த நம்பிக்கை என்று பெருமைப்படவும் முடியவில்லை. அவளுக்குள்ளும் ஒரு பயம், ஒரு யோசனை இருக்கலாம் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

நீ கலியாணம் முடிக்கப் போகிறவன். எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று நான் சொல்லப் போவதில்லை. இப்போது சந்திக்குச் சந்தி மறித்து, நீ யார், எங்கே போகிறாய் என்று துவக்கோடு கேட்கிற நாட்டில் அப்படிச் சொன்னால் நான் தகப்பன் இல்லை. சந்தேகம் வந்தால் கேள். ஆனால் கேட்கிறவனாகக் கேள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதே. றீற்றா ஒரு நாள் ஏதாவது பிழை செய்தால், அதை உன்னிடம் வந்து சொல்ல அவளுக்கு ஒரு வாசல் திறந்திருக்கட்டும். உன் அம்மாவுக்கு நான் அதைத் திறந்து வைக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லை இருபது வருடத்துக்கு மேலாக வயிற்றுக்குள் வைத்திருந்த குடும்பத்தில் நீ பெண் எடுக்கிறாய். நல்ல ஆட்கள்தான். ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்கு ஒரு நாளும் தெரியவராது, அதற்கும் ஆயத்தமாக இரு.

சீலைக்குச் சம்மதம் என்று ஆள் அனுப்பிவிட்டேன். நேற்றுக் கழுவி வெயிலில் போட்டோம். காய்ந்ததும் நான்கு விளிம்பையும் கையால் தடவிப் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்று, "இன்னும் என்னிலை சந்தேகமோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் கத்தரிக்கோலை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் கத்தரிக்கோலை இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அறிவித்தல் வாசிக்கும்போது நான் எழும்பமாட்டேன். உன் அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் முழங்காலில் இருப்பேன். நீ பெரிய வியாழன் காலை ரயிலில் வந்து சேர். எனக்கு இனி ஏணி ஏற முழங்கால் விடாது. வலது ஏணியில் நீ ஏற வேண்டும், இடது ஏணியில் உன் மாமனார். வரும்போது ஒரு பதிலையும் கொண்டு வா. இந்தத் துண்டுக் கதை உனக்கு முன்பே தெரியுமா? றீற்றா சொன்னாளா? கடிதத்தில் எழுதாதே, யார் பிரித்துப் படிப்பார்களோ. நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். தெரியும் என்று சொன்னாலும் நான் கத்தமாட்டேன். கத்தினாலும் கேட்டுக்கொண்டிரு.

வியாழக்கிழமை மாலை சீலையை நேரே கோயிலுக்குக் கொண்டுபோகமாட்டேன். முதலில் சூசைப்பிள்ளை வீட்டுக்கு, நீயும் என்னோடு வருகிறாய். மடித்துக் கட்டிய சீலையை ஏணிக்கு முன் பிரிக்கக் கூடாது என்ற முறையை அவருடைய முற்றத்தில் வைத்து மீறப் போகிறேன். நாடாவை அவிழ்த்து, முழுச் சீலையையும் விரித்து, ஓரத்தை அவர் கையில் கொடுத்து, நன்றாகப் பார்த்து எடு என்று சொல்லப் போகிறேன். இத்தனை வருடம் நான் அவரைச் சந்தேகித்தேன், ஒரு பின்னேரமாவது அவர் என்னைச் சந்தேகிக்கட்டும். அந்த ஆளை எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும், அதனால்தான் உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பார்க்கத் தேவையில்லை அண்ணை என்று சொல்லிவிட்டு அப்படியே மடிக்கத் தொடங்குவார். நீ அவரை விடாதே. பார்க்கச் சொல். அவர் பார்க்காமல் வாங்கிவிட்டால், நான் எங்கே கொண்டுபோய் என் முகத்தை வைப்பேன்?

உன் அப்பா